தூண்டில் நோட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாபநாசத்திலிருந்து புன்னைக்காயல் வரை தாமிரபரணிக் கரையிலும், அதன் கால்வாய்கள் நிரப்பும் குளங்களிலும் ஓய்வு நேரத்தில் தூண்டில் போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். போய்வந்த ஒவ்வொரு முறையும் ஒரு நோட்டில் குறித்து வைப்பது என் வழக்கம். அதைப் பற்றிப் பலரும் கேட்டவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். தொழிலாக மீன் பிடிப்பவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது. அவர்களுக்குத் தெரிந்ததில் கால்வாசி நமக்குத் தெரிந்தால் நோட்டே தேவைப்படாது.

மீன் பிடிக்கத்தானே போகிறோம். எழுதுவது எதற்கு?

"போன ஐப்பசியில் சுத்தமல்லி அணைக்கட்டுக்குக் கீழே கெண்டை கடித்துத் தள்ளியது" என்று ஒருவர் சொல்வார். மழைக்கு முன்பா, பின்பா? தண்ணீர் எவ்வளவு ஓடியது? கலங்கலா, தெளிவா? எதற்கும் பதில் இருக்காது. மீன் கடித்தது மட்டும் நினைவில் நிற்கும். அதையே நம்பி அடுத்த ஐப்பசியில் நான்கு பேர் போய் வெறும் கையோடு திரும்புவார்கள்.

இந்த ஆற்றுக்கு இரண்டு மழைக்காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மலையில் தென்மேற்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சமவெளியிலும் மலையிலும் வடகிழக்குப் பருவமழை. நடுவே கார், பிசானம் என்ற இரண்டு நெல் சாகுபடிக்கும் அணையைத் திறப்பார்கள், அடைப்பார்கள். கால்வாயில் தண்ணீர் விட்டால் ஆறு ஒரு மாதிரி. நிறுத்தினால் வேறு மாதிரி. குளமோ கார்த்திகையில் கலிங்கு (உபரி நீர் வழியும் கட்டு) தாண்டும், சித்திரையில் நடுக்குழியில் மட்டும் கிடக்கும். ஒரே இடம் ஓராண்டில் ஐந்தாறு முகம் காட்டுகிறது. இதை மனதில் வைத்துக்கொள்ள முடியும் என்று நான் நம்பவில்லை.

என்னென்ன குறிக்க வேண்டும்?

தண்ணீரை முதலில் எழுதுங்கள், மீனைப் பிறகு. பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்; மீனை எழுதி முடித்ததும் அலுத்துப்போய் நோட்டை மூடிவிடுகிறார்கள். நான் இடப்பக்கம் முழுவதையும் தண்ணீருக்கும் வானத்துக்கும் விட்டிருக்கிறேன். வலப்பக்கம் மீனுக்கு. இடப்பக்கத்தைக் கரையில் உட்கார்ந்து முதல் தூண்டில் போடுவதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். மீன் கடிக்கத் தொடங்கிய பிறகு எவனும் எழுதமாட்டான்.

கட்டாயம் வேண்டியவை: நாள், தொடங்கிய நேரம், முடித்த நேரம், எத்தனை தூண்டில், இடம், நீர்மட்டம், நீரின் நிறம், ஓட்டம், காற்று, முந்தைய நாள் மழை. பிறகு இரை, முள்ளின் அளவு, எந்த மீன் எத்தனை, பெரியதன் நீளம். மிச்சமெல்லாம் உங்கள் விருப்பம்.

நாள் எழுதும்போது ஆங்கிலத் தேதியோடு தமிழ் மாதத்தையும் திதியையும் சேர்த்து எழுதலாம். தினசரி காலண்டரைக் கிழிக்கும்போதே பார்த்துக்கொள்ளலாம். தமிழ் மாதம் சூரியனைப் பின்பற்றுவது, அதனால் பருவத்தோடு ஒட்டியே வரும். திதி நிலவோடு போவது. ஆண்டுக்குச் சுமார் 11 நாள் முன்னே நகர்ந்துவிடும். இரண்டும் தனித்தனியாக இருந்தால்தான் பின்னால் ஒப்பிட முடியும்.

ஒரு பக்கத்தை அப்படியே காட்ட முடியுமா, அண்ணாச்சி?

காட்டலாம். சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய் பாயும் ஒரு குளம். பெயரை மட்டும் சொல்லமாட்டேன்.

இடப்பக்கம்: "ஐப்பசி கடைசி வாரம், சனி. காலை 5.45 முதல் 8.15. தூண்டில் 2. குளம் பாதிக்குக் கீழ். மதகுச் சுவரில் நான்கு வரிசைக் கல் வெளியே. கால்வாய்த் தண்ணீர் வந்து மூன்றாம் நாள். கலங்கல், முழங்கால் ஆழத்தில் விரல் தெரியவில்லை. நேற்று இரவு இடி, மழை சொற்பம். காற்று இல்லை, 7 மணிக்கு மேல் வடக்கிலிருந்து. நீர்க்காகம் மதகுப் பக்கமே கிடக்கிறது."

வலப்பக்கம்: "மண்புழு, சின்ன முள்: கெண்டை 5, பெரியது 14 செ.மீ. மாவு: ஜிலேபி 2, 17, 19 செ.மீ. முதல் கடி 6.10. 7.20க்குப் பிறகு ஒன்றும் இல்லை. கடைசி அரை மணி ரப்பர் தவளை (பொய் இரை): ஒரு வீச்சில் தண்ணீர் பின்னால் கீறிக்கொண்டு வந்தது, எடுக்கவில்லை. எல்லா மீனும் மதகுக்கு வலப்புறம், தண்ணீர் உள்ளே வரும் ஓட்டத்தின் ஓரத்தில்."

அவ்வளவுதான். இதில் எனக்கு மிகவும் பயன்பட்டது மீன் கணக்கு இல்லை. "கால்வாய்த் தண்ணீர் வந்து மூன்றாம் நாள்" என்ற வரியும் நீர்க்காகமும்தான். புதுத் தண்ணீர் வரும் வாயில் சின்ன மீன்கள் எதிர்த்து ஏறும். பறவைக்கு அது நமக்கு முன்பே தெரியும்.

நீர்மட்டத்தை எப்படி அளப்பது? என்னிடம் அளவுகோல் எதுவும் இல்லையே.

ஊரே அளவுகோல்தான். ஆற்றில் படித்துறை இருந்தால் எத்தனை படி வெளியே தெரிகிறது என்று எண்ணுங்கள். எப்போதும் ஒரே படித்துறை, மேலிருந்து கீழாக எண்ணுவது என்று வைத்துக்கொண்டால் போதும். திருநெல்வேலிக்காரர்களுக்குக் குறுக்குத்துறை முருகன் கோவில் இருக்கிறது. ஆற்றுக்குள் நிற்கும் கோவில். "மண்டபத்தைத் தொட்டுவிட்டது", "கோவில் மூழ்கிவிட்டது" என்று ஊர் மொத்தமும் வெள்ளத்தைச் சொல்வதே அதை வைத்துத்தான். நோட்டிலும் அப்படியே எழுதலாம்.

குளத்தில் மதகுச் சுவரின் கல் வரிசையை எண்ணுங்கள். கலிங்கில் தண்ணீர் போனால் அதை மட்டும் எழுதினாலே குளம் நிறைந்திருக்கிறது என்று பொருள்.

தெளிவைப் பார்க்க முழங்கால் ஆழத்தில் நின்று கால் விரலைப் பாருங்கள். நன்றாகத் தெரிகிறது, நிழலாகத் தெரிகிறது, தெரியவில்லை என மூன்று நிலை போதும். நிறத்துக்கும் நான்கு சொல் வைத்துக்கொள்ளுங்கள்: தெளிவு, கலங்கல், செந்நீர், பாசிப் பச்சை. நகரத்தை ஒட்டிய பகுதியில் சாக்கடை கலக்கும் இடங்களுக்கு ஐந்தாவதாக ஒரு சொல் தேவைப்படும். அதை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அங்கே பிடித்ததைச் சாப்பிட வேண்டாம்.

அமலைச் செடி, அதாவது ஆகாயத்தாமரை, எவ்வளவு பரவியிருக்கிறது என்பதையும் எழுதுங்கள். செடி மூடிய குளத்தில் விடியற்காலையில் நீரில் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும், ஏனென்றால் இரவெல்லாம் ஒளிச்சேர்க்கை கிடையாது, சுவாசம் மட்டும்தான். அந்த நேரத்தில் கெண்டைகள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பசி என்று எண்ணி இரையை வீசுவார்கள். அது மூச்சுத் திணறல், கடிக்காது. வெயில் ஏறியபின் போய்ப் பார்த்து இரண்டையும் நோட்டில் ஒப்பிடுங்கள்.

அணை நீர்மட்டம், கன அடி எல்லாம் எழுத வேண்டுமா?

ஆற்றில் தூண்டில் போடுகிறவர் எழுதித்தான் ஆக வேண்டும். உழைப்பு ஒன்றும் இல்லை: திருநெல்வேலிப் பதிப்பு நாளிதழ்களில் பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளின் மட்டமும் நீர்வரத்தும் வெளியேற்றமும் வரும். பாபநாசத்தின் முழுக் கொள்ளளவு 143 அடி, சேர்வலாறு 156, மணிமுத்தாறு 118. வெளியேற்றத்தை மட்டும் எடுத்து எழுதினாலே போதும். பக்கத்திலேயே மழை அளவும் இருக்கும். அதில் மலைமேல் இருக்கும் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து ஆகிய நான்கு பெயர்களைத் தேடுங்கள். ஊரில் வெயில் கொளுத்தும்போது அங்கே அடைமழை பெய்யும். அந்தத் தண்ணீர் நம் காலடிக்கு வந்துதான் தீரும்.

திறந்துவிட்ட தண்ணீர் உங்கள் இடத்துக்கு எத்தனை மணி நேரத்தில் வருகிறது? இதை யாரிடமும் கேட்காதீர்கள். நடுவில் எட்டு அணைக்கட்டுகள். ஒவ்வொன்றிலும் கால்வாய்க்குப் பிரிகிறது. கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய் எது எப்போது திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். செய்தித்தாளின் எண்ணையும் உங்கள் படித்துறையின் படிகளையும் ஒரு பருவம் சேர்த்து எழுதிப் பாருங்கள், விடை தானாக வரும்.

இதில் உயிர்க் காரியமும் உண்டு. கரையோர மக்களுக்கு எச்சரிக்கை விடுத்த நாளில் பாறை நடுவில் போய் உட்காரக் கூடாது. தண்ணீர் ஏறும்போது முதலில் சருகும் நுரையும் வரும், பிறகுதான் மட்டம் உயரும். சருகைக் கண்டால் தூண்டிலைச் சுருட்டுங்கள்.

ஒன்றும் கிடைக்காத நாளையும் எழுத வேண்டுமா? வெட்கமாக இருக்கிறது.

இந்தத் தொகுப்பிலேயே எனக்கு முக்கியமான கேள்வி இதுதான். வெறுங்கை நாளை எழுதாத நோட்டு நோட்டே இல்லை, ஆல்பம்.

காரணம் எளிது. ஓர் இடத்தில் மொத்தம் முப்பது மீன் பிடித்திருக்கிறீர்கள் என்று நோட்டு சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்னோர் இடத்தில் பத்துதான். முதல் இடமே மேல் என்று தோன்றும். ஆனால் முதல் இடத்தில் அறுபது மணி நேரமும் இரண்டாவது இடத்தில் பத்து மணி நேரமும் உட்கார்ந்திருந்தால்? முதல் இடத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு மீன். இரண்டாவதில் மணிக்கு ஒன்று. வெறும் நாள்களை விட்டுவிட்டால் இந்தக் கணக்கைப் போடவே முடியாது. மீன்வளத்தை ஆராய்கிறவர்களும் பிடித்த அளவை உழைத்த நேரத்தால் வகுத்துத்தான் பேசுகிறார்கள்.

நான் அதைத் தூண்டில் மணி என்று வைத்திருக்கிறேன். மேலே காட்டிய பக்கத்தில் இரண்டு தூண்டில், இரண்டரை மணி நேரம். ஐந்து தூண்டில் மணி. மீன் ஏழு. ஆக மணிக்கு 1.4. இந்த ஒற்றை எண்ணைப் பக்கத்தின் மூலையில் வட்டமிட்டு எழுதுங்கள். பூஜ்யமாக இருந்தாலும் வட்டமிடுங்கள். பூஜ்யம் விழுந்த பக்கங்களின் இடப்பக்கத்தை மட்டும் ஒரு நாள் வரிசையாகப் படித்துப் பார்த்தால் தெரியும்: அதே காற்று, அதே நிறம், அதே வெளியேற்றம் திரும்பத் திரும்ப வரும். பெரிய மீன் பிடித்த நாளின் பக்கம் இவ்வளவு சொல்லாது.

வெட்கத்துக்கு ஒரு மருந்து உண்டு. யாரிடமும் நோட்டைக் காட்டாதீர்கள்.

அமாவாசையன்று நன்றாகக் கடிக்கும் என்கிறார்களே, உண்மையா?

புன்னைக்காயலில் தூண்டில் போடுகிறவர் கேட்டால் ஆம், அர்த்தம் உண்டு என்பேன். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டி கடலின் ஏற்ற இறக்கம் கூடும். ஆற்றுவாயில் நீரோட்டம் மாறும். மடவையும் கொடுவாவும் அதோடு உள்ளே ஏறி வெளியே இறங்கும். நம் மன்னார் வளைகுடாக் கரையில் இந்த வித்தியாசம் ஒரு மீட்டருக்கும் குறைவுதான், ஆனால் ஆழமில்லாத கழிமுகத்தில் அதுவே போதும். ஏற்றத்தின் நேரம் நாளொன்றுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், அங்கே மணியை மட்டும் எழுதிப் பயனில்லை. நீர் ஏறுகிறதா இறங்குகிறதா என்றும் எழுத வேண்டும். காற்றையும் அவ்வூர்க்காரர்கள் சொல்வது போலவே கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று எழுதிவிடுங்கள். கிழக்கு, மேற்கு என்று எழுதினால் அவர்களிடம் கேட்டுச் சரிபார்க்கும்போது குழப்பம் வரும்.

மானூர்க் குளத்தில் தூண்டில் போடுகிறவர் கேட்டால், நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள் என்பேன். குளத்துக்கு ஏற்ற இறக்கம் கிடையாது. நிலவு வெளிச்சம் இருந்தால் மீன் இரவில் மேய்ந்துவிட்டுக் காலையில் சும்மா இருக்கும் என்ற விளக்கம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு சிக்கல்: அமாவாசையன்று கடிக்கும் என்று நம்புகிறவர் அன்றைக்குத்தான் போவார், விடியும் முன்பே போவார், உச்சி வெயில் வரை அசையமாட்டார். அதிக நேரம் உட்கார்ந்தால் அதிகம் கிடைக்கும், அதில் நிலவின் பங்கு என்ன? தூண்டில் மணியால் வகுத்துப் பாருங்கள். வளர்பிறை, தேய்பிறை நாள்களிலும் அதே அளவு போய்வந்த பிறகு பேசுங்கள். என் நோட்டில் குளத்துக்கும் நிலவுக்கும் தொடர்பு எதுவும் தெரியவில்லை. காற்றுக்கும் குளத்துக்கும் நன்றாகத் தெரிகிறது.

எடை எழுதலாமா, நீளம் எழுதலாமா?

நீளம். மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை, தையல் டேப்பால். எடை என்பது தராசு இல்லாத இடத்தில் ஆசை. "ஒரு கிலோ இருக்கும்" என்று கரையில் சொன்னது வீட்டுத் தராசில் அறுநூறு கிராமாக இறங்கும்.

நீளம் இருந்தால் எடையை ஓரளவு கணக்கிடவும் முடியும். ஒரே இன மீனில் நீளம் இரண்டு மடங்கானால் எடை ஏறக்குறைய எட்டு மடங்காகும். 30 செ.மீ. விரால் கால் கிலோ என்றால் 60 செ.மீ. விரால் இரண்டு கிலோ அளவில் நிற்கும். "ரெண்டடி விரால், அஞ்சு கிலோ" என்று யாராவது கதை விட்டால் மனதுக்குள் சிரித்துக்கொள்ளலாம்.

எந்த மீன் என்றே தெரியவில்லை. என்ன எழுதுவது?

கரையில் இருப்பவர் சொல்லும் பெயரை அப்படியே எழுதிக்கொண்டு ஒரு படம் எடுத்துவிடுங்கள், பக்கவாட்டில், துடுப்பு விரிந்தபடி. குறவையும் விராலும், உளுவையும் ஆராலும் ஓராண்டில் பழகிவிடும். கெண்டை வகைகளில் எனக்கே இன்னும் தடுமாற்றம் உண்டு; "கெண்டை, வாலில் கறுப்புப் புள்ளி" என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.

இரண்டு மீன்களுக்கு மட்டும் தனிக் கணக்கு வையுங்கள். ஒன்று ஜிலேபி. 1952-ல் நாட்டுக்குள் கொண்டுவரப்பட்ட வெளிநாட்டு மீன். வாய்க்குள் குஞ்சை வைத்துக் காப்பதால் எந்தக் குட்டையிலும் பெருகிவிடும். மற்றது ஆப்பிரிக்கக் கெளுத்தி. இதை வளர்க்கவே தடை இருக்கிறது. அகப்பட்டதை எல்லாம் விழுங்கும். தூண்டிலில் சிக்கினால் திரும்ப ஆற்றில் விடாதீர்கள். பத்து மீனில் எத்தனை நாட்டு மீன், எத்தனை வந்தேறி என்ற கணக்கு ஆண்டுக்காண்டு எப்படிப் போகிறது என்று பார்ப்பது சுவாரசியம். சந்தோஷமாக இருக்கும் என்று சொல்லமாட்டேன்.

விரால் பிடிக்க எது நல்ல காலம் என்று நோட்டு சொல்லுமா?

சொல்லும். எப்போது பிடிக்கக் கூடாது என்றும் சொல்லும்.

விராலுக்கு மேலே வந்து காற்றை விழுங்கியாக வேண்டும். சலனமில்லாத காலையில் "ப்ளக்" என்று ஒரு சத்தம், ஒரு வளையம், அவ்வளவுதான் தெரியும். வளையம் விழுந்த இடத்தையும் அடுத்த வளையம் வரை ஆன நிமிடத்தையும் எழுதிக்கொண்டே வந்தால் அந்த மீனின் வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம்.

மழைக்காலத்தில் கரையோரச் செடிகளுக்கிடையே இன்னொரு காட்சி. நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, ஒரு தட்டு அகலத்துக்குத் தண்ணீர் மட்டும் செம்மையாகக் கொதிப்பது போல் நுணுக்கமாக அசையும். உற்றுப் பார்த்தால் நூற்றுக்கணக்கான விரால் குஞ்சுகள், ஒவ்வொன்றும் செங்காவி நிறம். மொத்தக் கூட்டமும் ஒன்றாக மேலே வரும், மூச்சு விடும், ஒன்றாக இறங்கும். அடியில் பெற்ற மீன்கள் காவல் நிற்கின்றன. அந்த நேரத்தில் எதை வீசினாலும் தாய் விரால் பாய்ந்து கவ்வும், பசிக்காக இல்லாமல், குஞ்சைக் காக்க. இதைத் தெரிந்துகொண்டே ரப்பர் தவளையை அந்தச் செம்மைக்கு நடுவில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய மீனைத் தூக்கிப் படம் எடுக்கலாம். குஞ்சுகளை அரை மணி நேரத்தில் மற்ற மீன்கள் தின்று தீர்த்துவிடும். நான் அந்த இடத்தை "செம்மை" என்று ஒரு குறி போட்டு, தேதியை எழுதிவிட்டு வேறு கரைக்குப் போய்விடுகிறேன்.

இடத்தின் பெயரை எழுதினால் யாராவது பார்த்துவிடமாட்டார்களா?

பார்ப்பார்கள். குறிப்புப் பெயர் வையுங்கள். மருத மரம், இடிந்த மண்டபம், வண்ணான் கல் என்று வைத்தால் ஆற்றங்கரையில் நூறு இடம் அப்படி இருக்கும். கடைசித் தாளில் திறவுகோல் எழுதி வைப்பது வீண் வேலை. நோட்டைத் திருடுகிறவன் கடைசித் தாளையும் சேர்த்துத்தான் எடுத்துப்போவான்.

2023 வெள்ளத்துக்கு முந்தைய குறிப்புகள் இனிப் பயன்படுமா?

பருவம், காற்று, இரை பற்றியவை பயன்படும். இடம் பற்றியவை பெரும்பாலும் பயன்படாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. பதிவானது. ஆறு கரைபுரண்டது, குளங்கள் உடைந்தன. மணல் திட்டு இருந்த இடத்தில் கசம் (ஆழமான மடு), கசம் இருந்த இடத்தில் மணல். குளத்தில் வளர்த்த கட்லாவும் ரோகுவும் உடைப்பு வழியாக ஆற்றுக்கு வந்தன.

அதனால் பழைய நோட்டில் அந்த நாளுக்கு நேராக ஒரு சிவப்புக் கோடு போடுங்கள். கோட்டுக்கு மேலே இருக்கும் ஆழம், ஓட்டம் எதையும் நம்பாதீர்கள். கயிற்றில் கல்லைக் கட்டி மறுபடி ஆழம் பாருங்கள். அடுத்த பெரிய வெள்ளத்துக்கும் இதேதான்.

எங்கெல்லாம் தூண்டில் போடக் கூடாது?

களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் கூடாது. காரையாறு, சேர்வலாறு பக்கம் தூண்டிலோடு போவதையே மறந்துவிடுங்கள். பாபநாசம் கோவில் படித்துறையில் பொரிக்குக் கூடும் பெரிய மீன்களை ஊரார் தெய்வத்துக்குச் சமமாக நினைக்கிறார்கள். அங்கே பார்ப்பதோடு சரி. கூந்தன்குளம் பறவைகளுக்கானது. மற்ற குளங்களில் மீன்பாசிக் குத்தகை (மீன் வளர்த்துப் பிடிக்கும் உரிமை) யாரிடம் இருக்கிறது என்று விசாரித்து, அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு உட்காருங்கள். கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள். கேட்காமல் உட்கார்ந்தால் நியாயம் அவர்கள் பக்கம். குத்தகைக்காரர் எந்த மாதம் குஞ்சு விட்டார், எப்போது வலை இழுக்கப் போகிறார் என்பதையும் பேச்சுவாக்கில் தெரிந்து எழுதிக்கொள்ளலாம். வலை இழுத்த மறுவாரம் போவதில் பயன் இல்லை.

செத்து மிதக்கும் மீன்களைப் பார்த்தால்?

நேரம், இடம், எந்த மீன், ஏறக்குறைய எத்தனை, தண்ணீரின் வாடை, படம். பெரிதும் சிறிதும் கலந்து வயிறு வெடித்துக் கிடந்தால் தோட்டா போட்டிருக்கலாம். எல்லாம் வாய் திறந்து கிடந்தால் மருந்தாகவோ மூச்சுத் திணறலாகவோ இருக்கலாம். வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை 1897-ம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடுக்கிறது. மீன்வளத் துறையிடம் சொல்லும்போது "போன வாரம் ஒரு நாள்" என்பதைவிடத் தேதியும் மணியும் எழுதிய பக்கம் எடுபடும்.

கைப்பேசியில் செயலி இருக்கிறதே?

இருக்கிறது. ஈரக்கையால் திரையைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது தக்கை முங்கிவிடும். படம் எடுக்கவும் நேரம் பார்க்கவும் கைப்பேசி போதும். எழுத நாற்பது பக்க நோட்டும் பென்சிலும். பேனா வேண்டாம், ஈரத்தில் மை கரையும், பென்சில் கரையாது.

வீட்டுக்காரர் ஆற்றுக்குப் போய்வந்து பக்கம் பக்கமாக எழுதுகிறார். ஆய்ந்து சமைப்பது நான். அதில் எனக்கு ஏதாவது இடம் உண்டா?

கட்டாயம் உண்டு, அக்கா. வலப்பக்கத்தின் கடைசி இரண்டு வரி உங்களுடையது. ருசி எப்படி, வயிற்றில் சினை இருந்ததா, இரைப்பையில் என்ன கிடந்தது? இவை மூன்றும் அவருக்கு ஒருபோதும் தெரியாத செய்திகள். கெளுத்தி வயிற்றில் இறால் கிடந்தால் அடுத்த முறை எந்த இரை என்று அவரே உங்களைக் கேட்பார். எந்த மாதம் எந்த மீனுக்குச் சினை என்பதை உங்கள் இரண்டு வரிகளை வைத்துத்தான் சொல்ல முடியும்.

மண்வாடையையும் எழுதுங்கள். கோடையில் வற்றிய, பாசி பிடித்த குளத்து மீனில்தான் அது தூக்கலாக இருக்கும். பாசியும் சில நுண்ணுயிரிகளும் உண்டாக்கும் ஜியாஸ்மின் என்ற பொருள் மீனின் கொழுப்பில் தங்கிவிடுவதுதான் காரணம். புளிப்பு பட்டால் அது சிதைந்துவிடும். நம் ஊரில் குளத்து மீனுக்குப் புளியைக் கூட்டிக் கரைப்பது வீண் வழக்கம் இல்லை. உயிரோடு கிடைத்தால் இரண்டு மூன்று நாள் நல்ல தண்ணீரில் விட்டுவைத்தும் பார்க்கலாம். எந்தக் குளத்து மீன் எந்த மாதத்தில் வாடை அடித்தது என்று நீங்கள் எழுதி வைத்தால், அந்த மாதம் அந்தக் குளத்துக்கு அவர் போவதை நீங்களே நிறுத்திவிடலாம்.

எத்தனை நாள் எழுதினால் பயன் தெரியும்?

ஒரு முழு ஆண்டு, இரண்டு மழையும் பார்த்தபின். மூன்றாம் ஆண்டிலிருந்துதான் ஒப்பிட ஏதாவது இருக்கும். நடுவில் ஒரு மாதம் விட்டுப்போனால் நினைவிலிருந்து நிரப்பாதீர்கள். பக்கத்தை வெறுமையாக விட்டு மேலே எழுதுங்கள்.

நோட்டு தீர்ந்துவிட்டது. அடுத்தது?

முதல் பக்கத்தில் தொடங்கிய நாளையும் முடிந்த நாளையும் எழுதி, எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பரணில் கரையானுக்கு மீன் வாடை ஒரு பொருட்டே இல்லை. புது நோட்டின் முதல் தாளில் உங்கள் படித்துறையில் மொத்தம் எத்தனை படி, மதகுச் சுவரில் எத்தனை வரிசை என்று மறுபடி எழுதிவிடுங்கள். அணைக்கட்டுப் பக்கம் ஏதாவது பராமரிப்பு வேலை நடந்து படியை மாற்றியிருந்தால் அதையும் சேர்த்து.